இரவல் தூசி

“...அதுதான் எனக்குப் புரியலக்கா. இவ்வளவு பூனை இருக்கிற வீட்டுல, ஒரு பூனையாவது கண்ணுல படணுமே?”

தூசி எடுக்க வருகிற பெண் எங்கள் வாசலில் ஒரு காலைச் செருப்பிலும் மறுகாலைத் தரையிலும் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். கையில் ஒரு காகிதம். இடுப்பில் தூசி உறிஞ்சும் மெஷின், பச்சைப்பிள்ளையைத் தூக்கி வந்தது போல. அவள் பேசியது தெலுங்கு. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெலுங்கு காதில் விழும்போதே பாதி தமிழாகிவிடும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்த என் ஒன்பது வயது மகள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கும் எனக்கும் தெரியும். இந்தப் பெண்ணுக்கும், இவளை அனுப்பிய டாக்டருக்கும் தெரியாது. பூனைக்குச் சொந்தக்காரியான மாடி வீட்டு ஆபாவுக்கும் தெரியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆபாவின் தம்பி கூடையோடு வந்து அந்தப் பூனையை எடுத்துப் போவதாக ஏற்பாடு. நான் வாயைத் திறந்தால் பூனை தங்கும், மானம் போகும். திறக்காவிட்டால் மானம் தங்கும், பூனை போகும். கேட்பதற்கு எளிய கணக்கு. அதைப் போட முடியாமல் பத்து நாளாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது போலாரத்தில், ஒரு பழைய பங்களாவைக் கூறு போட்டு வாடகைக்கு விட்ட வீட்டில். கீழே நாங்கள் மூன்று பேர், மாடியில் ஆபா. ஆபா என்றால் உருதுவில் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், தனியாள், ரவிக்கை தைப்பவர். முழங்கால் வலி. அவருக்கு ஒரு மஞ்சள் பூனை. தையல் மெஷினின் மிதிக்குப் பக்கத்தில், வெட்டித் தள்ளிய துணித்துண்டுகள் மேல் படுத்திருக்கும். யாருடைய பட்டு ரவிக்கைத் துண்டு கிடைத்ததோ அன்றைக்கு அதன் மேல்தான் தூக்கம். “என் பூனை தினம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வருது” என்பார் ஆபா.

நான் பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் முன்மேசையில் உட்காருகிறவள். என் வீட்டுக்காரர் மல்லாபூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை, நான் ஏழு மணிக்குப் பஸ் இறங்கி வரும்வரை ஆபாவிடம்தான். அங்கேதான் பால் குடிப்பாள், பாடம் எழுதுவாள், பூனையிடம் அன்றைக்கு நடந்த சண்டைகளைச் சொல்லுவாள். ஆபாவிடம் இந்தியில், பூனையிடம் இங்கிலீஷில். என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில்.

அவளுக்கு நான்கு வயதில் இளைப்பு வந்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு அலர்ஜி என்றார்கள், கடைசியில் ஆஸ்துமா என்றார்கள். விலா எலும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு, தோள் இரண்டும் காதுக்கு ஏறி, மூச்சு விடும்போது குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே ஒரு மெல்லிய சத்தம், அது நெஞ்சிலிருந்து வரும். அதைக் கேட்ட பிறகு எனக்குக் குக்கரைப் பிடிக்காது. தினமும் இரண்டு வேளை எடுக்க ஒரு மருந்து. இளைக்கும்போது மட்டும் எடுக்க நீல மருந்து. நீலத்தை எத்தனை தடவை எடுத்தாள் என்பதுதான் எங்கள் வீட்டின் வானிலை அறிக்கை.

ஆஸ்துமாவைப் பற்றி எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருக்கும் வெங்காயத்தோல் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மீதியை ஜனங்கள் சொன்னார்கள். இந்த ஊரில் பிள்ளை இருமினால் பத்துப் பேருக்குப் பேச்சு வரும். மருந்து வைத்த உயிர்மீனை முழுங்கச் சொன்னவர்கள், கற்பூரவல்லி கொடுக்கச் சொன்னவர்கள், வீட்டை மாற்றச் சொன்னவர்கள், பள்ளிக்கூடத்தை மாற்றச் சொன்னவர்கள். ஒருத்தி வீட்டுக்காரரையே மாற்றச் சொன்னாள், அவர் பீடி பிடிப்பவர் என்று நினைத்து. அவர் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்து ஆயாம்மா சொன்னது மட்டும் நெஞ்சில் நின்றது: “இருமல் பிள்ளைக்கு, இளைப்பு தாய்க்கு.”

இளைத்துத்தான் போனேன். ஏனென்றால் எல்லாரும் சொன்னதில் பொதுவாக இருந்தது ஒரே ஒரு சொல், தூசி. தூசி ஆகாது. அன்றைக்குப் பிடித்தேன் துடைப்பத்தை. திரைச்சீலைகளைக் கழற்றினேன். கம்பளத்தைக் கொடுத்துவிட்டேன். படுக்கை விரிப்பை வாரம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். பொம்மைக் கரடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் வைக்கச் சொன்னார்கள், குளிரில் பூச்சி செத்துவிடுமாம். எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக வஞ்சிர மீனும் கரடியும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. காலை ஐந்தரைக்கு எழுந்து, பெருக்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கூடத்தையும் படுக்கையறையையும் துடைப்பேன். அது காய்ந்ததும் ஃபினாயில் ஒரு கை. ஆறரைக்குப் பிள்ளை எழுந்து இருமுவாள். ராத்திரி படிந்த தூசி போகவில்லை என்று இன்னொரு தடவை துடைப்பேன். பிறகு அவளுக்கு மருந்து, சாப்பாடு, சடை. பிறகு எனக்குப் பஸ், நின்றபடி.

அலுவலகத்தில் கட்டைவிரல் வைத்தால்தான் வருகைப்பதிவு ஆகும். என் விரலை அந்த மெஷின் ஏற்றுக்கொள்ளாது. பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி ரேகை தேய்ந்துவிட்டது. தினமும் நாலைந்து தடவை அழுத்தி, ஊதி, சேலையில் துடைத்து மறுபடி அழுத்துவேன். காவலாளி தெலுங்கில் சொன்னார்: “அம்மா, நீங்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது, அதுக்குத்தான் தெரிய மாட்டேங்குது.” எனக்கே சில நாள் தெரியாது.

என் வீட்டுக்காரரின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. அவர் சொல்லுவார்: “விடுட்டி. தூசியும் சொந்தக்காரனும் ஒண்ணு. கூப்பிடாம வருவான், சொல்லாமத் தங்குவான். நீ தொடச்சா போயிருவானா?” சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொள்வார், ஷிஃப்ட் முடிந்து வந்தவர். தத்துவம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், சில மாதங்களுக்கு முன்னால், எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். இளைப்பு உள்ள பிள்ளைகளின் வீட்டுத் தூசியை எடுத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். பூச்சி, பூஞ்சை, பூனை நாய்களின் சமாச்சாரம், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எல்லாம்.

“கிருமியெல்லாம் எங்க வீட்ல இருக்காது டாக்டர்” என்றேன். ரோஷம்தான்.

அவர் சிரித்தார். “தூசி ஒரு ஊர் மாதிரிம்மா. அதுல போலீஸும் இருப்பான், திருடனும் இருப்பான், சும்மா டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறவனும் இருப்பான். சின்ன வயசுல இந்த ஊர்க்காரங்களோட பழகின உடம்பு எதுக்கெடுத்தாலும் சண்டைக்குப் போகாதுன்னு ஒரு எண்ணம் இருக்கு. எவன் நல்லவன், எவன் கெட்டவன்னு இன்னும் சரியாத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறோம். நீங்க ஊரையே கொளுத்திட்டிருக்கீங்க போல.”

ஐந்து வருடமாகக் குனிந்த முதுகு ஒன்று இருக்கிறது எனக்கு, அதற்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் பேரைக் கொடுத்தேன். என் பிள்ளையின் நெஞ்சைப் பிடித்து அழுத்துவது எது என்று யாராவது ஒருவர் பேர் சொல்லிச் சொல்ல மாட்டாரா என்ற ஏக்கம். எதிரி யார் என்று தெரியாமல் சண்டை போடுகிறவளுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும்.

ஒரு தாள் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்து தூசி எடுப்பாள். அதற்கு முந்தைய ஏழு நாளும் படுக்கையறையையும் கூடத்தையும் பெருக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, விரிப்பை மாற்றக் கூடாது. கூடவே பிள்ளை எழுத ஒரு நாட்குறிப்பு: இன்றைக்கு இருமல் உண்டா, நீல மருந்து எத்தனை தடவை.

ஆறு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் மேசை மேல் விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. மகள் அதில் ஒரு பூனை வரைந்தாள். ஐந்தாம் நாள் கட்டிலுக்குக் கீழே பஞ்சு பஞ்சாக உருண்டு திரிந்தது. நான் காலையில் எழுந்து செய்ய ஒன்றுமில்லாமல், காபியை வைத்துக்கொண்டு, சிறைக்கைதி மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். “நல்லாத்தான் இருக்கு, இப்படி உக்காந்து உன்னப் பாத்து எத்தன வருஷமாச்சு” என்றார் வீட்டுக்காரர். அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச் அக்கா ஒருவர் ஃபோன் செய்தார். “நாளைக்கு வீட்டு ஜெபம் உங்க முறை, ஞாபகம் இருக்கில்ல?”

எனக்கு ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் ஒவ்வொரு வீடாக முறை போட்டு வரும். முறையை மறுத்தால் வீட்டில் சண்டையோ சாவோ என்று நினைப்பார்கள். இருபது பேர் பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள். என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவள் ஒருத்தி சொல்லுவாள்: “ஜெபத்துக்கு வர்றவங்க கண்ணை மூடறது அஞ்சு நிமிஷம். திறந்து வச்சிருக்கிறது ஒரு மணி நேரம்.”

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்து வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வந்து, ஆறு நாள் ஆத்திரத்தையும் சேர்த்து வீட்டைக் கழுவினேன். மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டுத் தடியால் அடித்தேன். விரிப்பு கொதித்தது. பிளீச்சிங் பவுடர் இரட்டிப்பு. கட்டிலுக்கு அடியில் படுத்துத் துடைத்தேன். ஜெபம் நன்றாக நடந்தது. “ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீங்க வீட்டை” என்றார் பாஸ்டரம்மா. அன்றைக்கு நான் அசந்து தூங்கினேன், சந்தோஷமாக.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான்கு மணி நேரத்தில் தூசி எடுக்க ஆள் வருகிறாள். தூசி இல்லை.

விருந்தாளி வரும் நேரத்தில் வீட்டில் சர்க்கரை இல்லாவிட்டால் என்ன செய்வோம்? மாடிக்குப் போவோம். போனேன். ஆனால் கேட்க வெட்கமாக இருந்தது. உங்கள் வீட்டுத் தூசி கொஞ்சம் கொடுங்கள் என்று ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் உங்கள் வீடு குப்பை என்று சொன்னது போல ஆகாதா? அதனால் வேறு மாதிரிச் சொன்னேன்: “ஆபா, உங்களுக்கு முழங்கால் வலிக்குமே, இன்னைக்கு நான் பெருக்கித் தர்றேன்.”

“கைக்கூ?” என்றார் ஆபா, ஏன் என்பதற்கு அவருடைய உருது. “எதுக்கு உனக்குச் சிரமம்?” பிறகு கண் கலங்கி, “என் கூடப் பிறந்தது கூட இப்படிக் கேட்டதில்ல. அல்லா உன் கையைப் பொன்னாக்கட்டும்” என்றார். அந்தப் பொன் கையால் நான் தையல் மெஷினுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பெருக்கி, முறத்தில் அள்ளி, குப்பைத்தொட்டியில் போடாமல் முந்தானைக்குள் மறைத்துக் கீழே கொண்டு வந்தேன்.

பூனையை நான் மறக்கவில்லை. அதுதான் வெட்கக்கேடு. செய்தித்தாளை விரித்து அதில் தூசியைக் கொட்டி, ஒரு பூனை முடி விடாமல் விரலால் பொறுக்கி எடுத்தேன். அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு முடி பொறுக்கத் தெரியாதா? மஞ்சள் முடி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்ததும், சல்லடையில் சலிப்பது போல மெத்தை மேலும் கட்டிலுக்குக் கீழும் தூவினேன். என் மகள் பல் தேய்க்கும் பிரஷ் வாயில் இருக்க, கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மம்மி, திஸ் இஸ் சீட்டிங்.”

“இரவல்தான்டி. ஆபா வீடும் நம்ம வீடும் ஒண்ணுதானே. தினமும் நீ அங்கதானே இருக்கே.”

“டிட் யூ ஆஸ்க் ஹெர்?”

நான் அவளை வாய் கொப்பளிக்கச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு இந்தப் பெண் வந்தாள், ஸ்கூட்டரில், வியர்த்துப் போய். மெஷினின் வாயில் ஒரு சின்னத் துணிக்காலுறை போன்றதை மாட்டி, மெத்தை மேல் கடிகாரம் பார்த்து உறிஞ்சினாள். காலுறையை எடுத்துப் பார்த்து, “அருமையா வந்திருக்குக்கா” என்றாள். என் சமையலை யாரோ பாராட்டியது போல இருந்தது. ‘வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. மகள் தன் நாட்குறிப்பைக் கொடுத்தாள். அதை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை, நானும்கூட.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். மெத்தைத் தூசியில் பூனை ஏகமாக இருக்கிறதாம். முடி இல்லை, முடியைவிடப் பொடியானது, பூனை தன்னை நக்கி நக்கி உதிர்ப்பது, கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது, உடையில் ஒட்டிக்கொண்டு பயணம் போகிறது. “பூனை இருந்தா கொஞ்ச நாள் வேற இடத்துல விட்டுப் பாருங்க. பாப்பா பூனை இருக்கிற வீட்டுக்கும் போக வேணாம்” என்றார். அங்கேயே சொல்லியிருக்கலாம். டாக்டர் முகத்தைப் பார்த்தேன், அவருக்குப் பின்னால் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எதிரியின் பேர் கேட்டவள், கிடைத்த பேர் பொய் என்று எப்படிச் சொல்லுவேன்? பொய்தானா என்றும் தெரியவில்லை. ஒருவேளை பூனைதானோ என்னவோ. என் வீட்டுத் தூசியை யாரும் பார்க்கவே இல்லையே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “போய்ச் சொல்லிரு. அவ்வளவுதானே” என்றார். அவருக்கு எல்லாமே அவ்வளவுதானே.

ஆபாவிடம் பாதி சொன்னேன். மெத்தையில் பூனை இருக்கிறதாம் என்றேன், அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஆபா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் வைத்தார். “என் பூனை பாப்பா ஃபிராக்ல ஏறி உங்க வீட்டுக்குப் போகுது, அப்படித்தானே?” என்றார். பிறகு ஒரு பழமொழி சொன்னார், அவருடைய ஊர்ப் பேச்சில். ஊரெல்லாம் தன் வாசலைப் பெருக்கினால் குப்பை எங்கே போகும், அடுத்த வாசலுக்குத்தான், என்று அதற்கு அர்த்தம். தன்னைக் குற்றம் சொல்லித்தான் அதைச் சொன்னார். எனக்கு முதுகில் அறைந்தது போல இருந்தது. “தம்பிக்கு ஃபோன் பண்றேன். அவன் வீட்ல இருக்கட்டும். பிள்ளை மூச்சுக்கு முன்னால பூனை என்ன பூனை.” சொல்லிவிட்டு, குனிய முடியாத முழங்காலோடு குனிந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் அன்றைக்கு ஏழு மணிக்குக் கீழே வந்ததும் என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் என்பதும் நின்றுபோனது.

ஆக, இந்தச் சனிக்கிழமை. படிவத்தில் பூனை இல்லை, தூசியில் பூனை இருக்கிறது, சரிபார்த்து வா என்று இந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். “பூனை எங்க?” என்று கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்று நின்று கேட்டது.

“உள்ள வாம்மா” என்றேன். “அது எங்க வீட்டுத் தூசி இல்ல.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக்கூட்டம், பிளீச்சிங் பவுடர், முறம், முந்தானை, பொறுக்கிய முடி. சொல்லச் சொல்ல அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், மெஷினை மடியில் வைத்துக்கொண்டு. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“நான் போற வீடெல்லாம் எனக்காகத் தொடச்சுத்தான் வச்சிருக்காங்கக்கா. பொண்ணு பாக்க அமெரிக்கா மாப்பிள்ளை வர்ற மாதிரி. பெருக்காதீங்க, தொடைக்காதீங்கன்னு தாள்ல போட்டா, தண்ணி ஊத்திக் கழுவுறாங்க. சில வீட்ல சாம்பிராணி வேற. காலுறைல ஒண்ணுமே வராது, வெறுங்கையோட போவேன், ஆபீஸ்ல நான் சரியா எடுக்கலைன்னு பேச்சு. ஆனா அடுத்த வீட்ல இரவல் வாங்கினது நீங்கதான்.”

“வாங்கல. கேக்காம எடுத்தாங்க” என்றாள் என் மகள். தமிழில். பத்து நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. சொல்லிவிட்டு எழுந்து மாடிப்படியில் ஓடினாள். தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பும் இல்லை.

மேலே தையல் மெஷின் நின்றது. பிறகு ஆபாவின் குரல், படிக்கட்டின் உச்சியிலிருந்து: “அரே! அப்போ அன்னைக்கு எனக்குப் பெருக்கித் தந்தது இதுக்குத்தானா? நான் உனக்காக அல்லாகிட்ட கை ஏந்தினேனே! தங்கம் திருடறவங்களைப் பாத்திருக்கேன், கோழி திருடறவங்களைப் பாத்திருக்கேன்...” முடிக்கவில்லை. ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்தார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே முடிவாகாத முகம். “கேட்டிருந்தா ஒரு டப்பா நிறையத் தந்திருப்பேனே, பைத்தியக்காரி” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசி, நக்கோ, விடு என்றார்.

அதற்குள் அந்தப் பெண் தன் ஃபைலைத் திறந்து பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதல் மாதிரி செல்லாது, குறிப்பு எழுதித் தூக்கிப் போடவேண்டும் என்றாள். எழுதினாள். பிறகு ஒரு தாளில் அவள் கை நின்றது. மகளின் நாட்குறிப்பு. நீலம் எடுக்காத நாளுக்குச் சூரியன், எடுத்த நாளுக்கு நீல மேகம், எத்தனை தடவையோ அத்தனை மேகம். ஆறு நாளும் ஆறு சூரியன். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மேகம்.

“இந்த ஆறு நாளும் பாப்பா மாடிக்குப் போனாளாக்கா?”

“தினமும்.”

“பூனைகூட?”

“அதோடதான்” என்றார் ஆபா.

“வெள்ளிக்கிழமை என்ன பண்ணீங்க?”

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மூக்கைச் சுருக்கிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அன்று காலையில் துடைத்த தரை. அவள் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. அதை அலைச்சல் என்று நினைத்திருந்தேன்.

மகள் ஆபாவின் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “அந்த பக்கெட் ஸ்மெல் வந்தா எனக்கு இங்க டைட் ஆகும். ஐ டோல்ட் யூ.”

“எப்படி சொன்னே? எப்போ சொன்னே?”

“யூ வேர் மாப்பிங்.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஆறு நாளும் அவள் இருமவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். வெயில் நன்றாக அடிக்கிறது, அதனால் என்று சொல்லிக்கொண்டேன். இருமல் கேட்டுத் துடைத்தேனா, துடைத்துத்தான் இருமல் கேட்டேனா? ஐந்து வருடத்தில் எந்தக் காலையில் எது முதலில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வந்ததெல்லாம் வாளியின் கைப்பிடி கையில் அறுத்தது மட்டும்தான்.

“நான் டாக்டர் இல்லக்கா” என்றாள் அந்தப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “ஒரு வாரத்தை வச்சு எதுவும் சொல்லக் கூடாது. பூனையும் இருக்கலாம், இந்த மருந்துத் தண்ணியும் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம். டாக்டர்கிட்ட இந்தத் தாளைக் காட்டி, கேட்டுட்டு இன்னைக்கே ஃபோன் பண்றேன். அவர் சரின்னா இன்னொரு ஏழு நாள். பாப்பா மாடிக்குப் போய்ட்டு வரட்டும், மருந்து தவறாம எடுக்கட்டும், இளைச்சா உடனே ஆஸ்பத்திரி. பூனை இருக்கட்டும். எல்லாம் எப்பவும் போல. நீங்க மட்டும் சும்மா இருக்கணும்.”

“சும்மா இருக்கறதா?” ஆபா சிரித்தேவிட்டார். “பூனையைக் குரைக்கச் சொல்லு, அது குரைக்கும். இவளைச் சும்மா இருக்கச் சொல்லாதே.” சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்துத் தம்பிக்கு அடித்தார். நாளைக்கு வர வேண்டாம், கூடை வேண்டாம், ஆமா, பாப்பா நல்லாத்தான் இருக்கு, காரணத்தை நேரில் சொல்கிறேன், சொன்னால் நம்ப மாட்டாய் என்றார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் பக்கம் வரவில்லை. ஆனால் பார்த்தாள்.

“சத்தியமா ஏழு நாளும் தொட மாட்டேன்” என்றேன்.

அந்தப் பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எத்தனை வீடு பார்த்தவள். எழுந்து, கேட்காமல் கொள்ளாமல் சமையலறைக்குள் போனாள். துடைப்பத்தை எடுத்தாள். மாப் கட்டையை எடுத்தாள். பிளீச்சிங் பவுடர் டப்பாவையும், ஃபினாயில் பாட்டிலையும், தொட்டிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த இன்னொரு பாட்டிலையும் எடுத்தாள். மெஷினின் பட்டையால் கட்டைகளை ஸ்கூட்டரில் பக்கவாட்டாகக் கட்டினாள். டப்பாக்களைக் கால் வைக்கும் இடத்தில் அடுக்கினாள். “அடுத்த சனிக்கிழமை திருப்பித் தர்றேன்” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வழியனுப்பக் கேட் வரைக்கும் போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை மறுபடி நிறுத்தினாள். இறங்கி வந்து, கேட்டுக் கம்பியை நான் துடைத்துக்கொண்டிருந்த கரித்துணியையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.